வீடு பூட்டியிருந்தது

போன வாரம் கதையை நிறுத்தியபோது, வீட்டுப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவளைத் தொலைபேசியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். எதிர்முனையில் பேசியவர் ஒரு பல் டாக்டர்.

"என் மனைவி குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்கன்னுதான் நினைச்சோம். இப்போ ஆஸ்பத்திரியில, கேஸ் கீசர் புகைன்னு சொல்றாங்க. உங்க ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க."

அது எந்த வீடு, கடைசியாக அங்கே போனது யார் என்பதெல்லாம் கணினியைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனவன் அவள் கணவன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாதவர்களுக்காக நடக்கும் கம்பெனி அது. வருடச் சந்தா கட்டிவிட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் வருவான். தண்ணீர்க் குழாயிலிருந்து மொட்டை மாடி வரை முப்பத்திரண்டு இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பி, பச்சை டிக் போட்டுவிட்டுப் போவான். அந்த மெக்கானிக்குகளில் ஒருவன் அவள் கணவன். எந்த மெக்கானிக் எந்த நேரத்துக்கு எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள் அவள். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம் என்பதால் ஆபீசில் அவனுக்கு 'ஒட்டடை' என்று பெயர். நிமிடம் பிசகாமல் ஆட்களை விரட்டுவதால் அவளுக்குக் 'கடிகாரம்'. மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவார்.

போன் வந்த அன்று ராத்திரி அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், மகள் கூடத்தில் பள்ளிப் பையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"என்னங்க, அந்தப் பல் டாக்டர் வீடு ஞாபகம் இருக்கா? மூணாவது மாடி."

"இருக்கு. அந்தம்மா குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் வரைவாங்க."

"அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. மூணு நாளா நினைவே வரல."

ஒட்டடை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் குடிப்பதை நிறுத்திவிட்டான்.

"கீசர் புகை வெளிய போகாம உள்ளயே சுத்தியிருக்கு. பதினேழு நாளைக்கு முன்னாடி நீங்கதான் போயிருக்கீங்க. மேல ஏறிப் பார்த்தீங்கல்ல?"

"பார்க்காம டிக் போடுவாங்களா?"

அவள் அவனையே பார்த்தாள். பதினாறு வருடமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். நேராகப் பதில் சொல்ல முடியாதபோதுதான் அவன் கேள்வியையே பதிலாகத் திருப்பிக் கொடுப்பான்.

"அப்பா, என் நீச்சல் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வண்டியில இருக்கும்மா. அன்னிக்குப் போட்டி முடிஞ்சதும் நான்தான் வாங்கி வச்சேன்."

அன்றைக்கு என்று அவன் சொன்னது அதே பதினேழு நாளுக்கு முந்தைய தினத்தைத்தான். மகளுக்குப் பள்ளியில் நாலு மணிக்கு நீச்சல் போட்டி. 'அப்பா ஒரு தடவைகூட வந்ததில்ல' என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரம்தான் வழி பண்ணினாள். சாயங்காலத்து வீடுகளையும் காலையிலேயே திணித்து, எட்டு வீட்டையும் மூன்றரை மணிக்குள் முடிக்கிற மாதிரி அவனுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தாள். நாற்பது நிமிடம் பிடிக்கும் பல் டாக்டர் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். மகள் நாலாவதாகத்தான் வந்தாள். ஆனாலும் அப்பா தட்டிய கைத்தட்டலில், முதலாவது வந்த பெண்ணே யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தாள்.

ஒட்டடை காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசல் வரை போய் நின்றான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆபீசில் அவள் முதலில் செய்த காரியம் அந்த வீட்டின் கோப்பைத் திறந்ததுதான். பத்தொன்பதாவது இடம்: கீசர் புகைக்குழாய். பச்சை டிக். பக்கத்தில் படம். வளைவு நெளிவான வெள்ளிக் குழாய் கீசர் தலையிலிருந்து கிளம்பி, சுவரைத் துளைத்து வெளியே போகிறது. இணைப்பு இறுக்கமாக இருக்கிறது. சுவர் சுத்தமாக இருக்கிறது. அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு, ஏனென்று தெரியாமல், அதற்கு முந்தைய வருகையின் படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

அந்தப் பழைய படத்தின் ஓரத்தில் கொக்கியில் ஒரு நீலத் துண்டு தொங்கியது. அதன் ஒரு முனை மடிந்து, மடிப்பில் ஈரம் இருந்தது. புதிய படத்திலும் அதே துண்டு, அதே மடிப்பு, அதே ஈரம். மூன்று மாதமாக ஒரு துண்டு இம்மி அசையாமல் தொங்காது.

இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். பக்கத்து மேசைப் பெண் "என்ன மேடம்?" என்று கேட்டதும் திரையை மாற்றினாள்.

பதினொரு மணிக்கு மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆபீசில் யாருடைய பிறந்தநாளையும் மறக்காதவர். போன வருடம் அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு முதலில் வந்ததும் அவர்தான். கதவைச் சாத்தினார்.

"உட்காரும்மா. நானும் படத்தைப் பார்த்துட்டேன்."

அவள் உட்கார்ந்தாள்.

"அவன் பண்ணது தப்பு. ஆனா மூணரை மணிக்குள்ள எட்டு வீடு போட்டது நீ. எதுக்குப் போட்டேன்னு நான் கேக்கல. நாளைக்கு விசாரணைன்னு ஒண்ணு வந்தா கேப்பாங்க."

"என்ன சார் பண்றது?"

"அன்னிக்கு வருகையோட நிலையை மாத்திடு. 'வீடு பூட்டியிருந்தது'ன்னு போடு. நிலை மாறினா படம் தானா போயிடும். அட்டவணை மேசையிலேருந்துதான் மாத்த முடியும். இல்லன்னா நானே பண்ணியிருப்பேன்."

"டாக்டருக்கு மெசேஜ் போயிருக்குமே சார்?"

"லிங்க்தான் போயிருக்கு. தொட்டா நம்ம பக்கம்தான் திறக்கும். அதுல இப்போ என்ன இருக்கோ அதுதான் தெரியும்."

"அந்தம்மா வீட்ல இருந்தாங்க சார். அவங்கதான் கதவைத் திறந்து விட்டிருக்காங்க."

மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். மறுபடி கொஞ்சம் சாய்த்து வைத்தார்.

"அவங்க எழுந்து வந்தா அப்போ பார்த்துக்கலாம்" என்றார்.

இரண்டு மணி வரை அவள் எதையும் செய்யவில்லை. டப்பாவைத் திறந்து சாப்பாட்டைப் பார்த்துவிட்டு மூடினாள். கணவனுக்கு இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்று வீட்டிலிருந்து 'உங்க மெக்கானிக் இன்னும் வரலையே' என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டு வேறு ஆளைத் திருப்பிவிட்டாள். அவன் ஜெயிலுக்குப் போனால் மகள் என்ன ஆவாள் என்று நினைத்தாள். மகளைப் பற்றி மட்டும்தான் நினைக்கிறோமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை அதற்கு மேல் வளரவிடவில்லை.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நிலையை மாற்றினாள். 'வீடு பூட்டியிருந்தது. மாற்றியவர்: அட்டவணை மேசை' என்று வந்தது. நீலத் துண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கம்பெனியிலிருந்து நலம் விசாரிப்பதாகச் சொன்னாள். நர்ஸ் ஒருத்தி எடுத்தாள்.

"அப்படியேதான் இருக்காங்க. எந்த முன்னேற்றமும் இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கடிகாரத்தின் தோள்பட்டை தளர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. ஒரு கணம்தான். என்ன கேட்டு நிம்மதிப்பட்டோம் என்பது உறைத்ததும் போனை வைத்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் எழுதி வைத்த பொய் நிலைக்க வேண்டுமானால், முன்பின் பார்த்திராத ஒரு பெண் கண் விழிக்கக் கூடாது.

ஒட்டடை அன்று எந்த வீட்டுக்கும் போகவில்லை. வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான். அங்கே வாகன நிறுத்தத்தில் மதியம் வரை உட்கார்ந்திருந்தான். பிறகு ஒருவழியாக மாடி ஏறினான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கடைசியில் பல் டாக்டர் இருந்தார். மூன்று நாள் தாடி. யாருக்கோ போனில், "இந்த வாரம் வேணாம், வலி இருந்தா மாத்திரையைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டடையின் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நீங்க... அந்த உயரமானவரா?"

"ஆமா சார்."

"மூணு வருஷமா வர்றீங்க, ஒரு நாள்கூட நான் உங்களைப் பார்த்ததில்ல. காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவேன். அவதான் சொல்வா. ஸ்டூல் இல்லாமலே பல்பு மாத்துவார்னு."

ஒட்டடை ஒரு அடி முன்னால் வந்தான். "சார், அன்னிக்கு நான் வந்தப்போ..."

"எல்லாம் சரின்னு லிங்க் வந்துதே, அன்னிக்கே தொட்டுப் பார்த்தேன். நீங்க பார்த்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் ஏதோ ஆகியிருக்கு. அப்படித்தானே?"

வழி திறந்துதான் இருந்தது. 'இல்ல சார்' என்று இரண்டு வார்த்தை போதும். வாய் வேறு இரண்டைச் சொன்னது.

"இருக்கலாம் சார்."

டாக்டர் அந்தப் பதிலைப் பற்றிக்கொண்டார். "அதான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா பையனை என் அக்கா வீட்ல விட்டிருக்கேன். திரும்பி வந்தா அவனும் அதே குளியலறையிலதான் குளிக்கணும். நீங்க போய் என்னன்னு பார்த்துடுங்க. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. போன் பண்ணிச் சொல்லிடறேன். எனக்கு அந்த வீட்ல எது எங்க இருக்குன்னே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

அவன் நம்பரை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். நோயாளிகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய விரல்கள். சில்லென்று இருந்தன.

இந்தத் தடவை அந்த வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அந்தத் தெருவில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்த வேண்டும். அன்றைக்கு ஏணியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு அதுதான் காரணம். எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தக் குழாயின் தலையைத் தரையில் நின்றுகொண்டு பார்க்க முடியாது. போய் எடுத்து வந்தால் பத்து நிமிடம். கையில் இருந்தது இருபத்தைந்து.

வீட்டுக்குள் ஜன்னலோர மேசையில் பாதி வரைந்த படம் ஒன்று கிடந்தது. பஸ் நிறையக் குழந்தைகள். பின் இருக்கைக் குழந்தைகளுக்கு மட்டும் இன்னும் முகம் போடவில்லை. பிரஷ் கழுவும் தண்ணீர் வற்றி, கிண்ணத்தின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது.

குளியலறையில் ஏணியை விரித்து ஏறினான்.

குழாய் கீசரின் வாயிலிருந்து நாலு விரல் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருக்க வேண்டிய திருகுகளில் ஒன்றுகூட இல்லை. பின்னால் சுவரில் கரி, கை வைத்தால் பிசுபிசுக்கும் கனத்துக்கு. இருபது வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினேழு நாளில் படிந்த கரி இல்லை அது. அன்றைக்கு அவன் ஏறிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

ஏணியின் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு அந்தம்மா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே குளியலறை வாசல் வரை வந்து சொன்னாள். "குளிச்சிட்டு வந்தா தலை கனக்குது. ரெண்டு வாரமா இப்படி இருக்கு. இதனால இருக்குமா?" அவன் போனில் பழைய படத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான். "ஆவி ஜாஸ்தியா இருக்கும்மா. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க." ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துப் பால்கனி. அதில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். குளிக்கும்போது எந்தப் பெண் அதைத் திறப்பாள்? அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பையில் திருகுகள் இருந்தன. மாட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கரியைத் துடைக்க இன்னும் பத்து நிமிடம். கேட்பார் யாருமில்லை. குழாயை வாயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. கையை எடுத்ததும் மறுபடி விலகித் தொங்கியது.

கேஸ் குழாயை மூடினான். மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் கம்பெனியின் கியூ.ஆர். அட்டையைப் போன் கேமராவில் காட்டினான். அந்த வீட்டின் பட்டியல் புதிதாகத் திறந்தது. மேலே பழைய வருகையின் விவரம் என்னவென்று அவன் பார்க்கவில்லை. பத்தொன்பதாவது இடத்துக்கு நேராகப் போனான். விலகிய குழாயையும் கரியையும் படம் எடுத்தான். குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினான்.

'சென்ற முறை நான் மேலே ஏறிப் பார்க்கவில்லை. பழைய படத்தைப் போட்டேன். அம்மா தலை கனக்கிறது என்று சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. போதுமான நேரம் இருந்தது. தவறு என்னுடையது மட்டுமே.'

'போதுமான நேரம் இருந்தது' என்ற வரியைக் கடைசியில்தான் யோசித்துச் சேர்த்தான். மூன்றே காலுக்கு அனுப்பினான். படங்கள்தான் லிங்க்காகப் போகும்; குறிப்பு எழுதியது எழுதியபடியே டாக்டரின் போனுக்கும் போயிற்று. இனி யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அவன் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். அவள் சீக்கிரமே வந்து, விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் நீச்சல் பயிற்சியிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

"எத்தனை தடவை போன் பண்ணேன்!"

"எடுக்க முடியல."

"சரி, உட்காருங்க. கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கிட்டேன்."

"என்னத்தைப் பார்த்துக்கிட்ட?"

"அந்த நீலத் துண்டைப் பார்த்தேங்க." குரலில் கோபமே இல்லை. "நீங்க அந்த வீட்டுக்கே போகலன்னு மாத்திட்டேன். வீடு பூட்டியிருந்துச்சுன்னு. படமும் போயிடுச்சு. சார்தான் சொன்னார். இனி உங்களை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

ஒட்டடை நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தான்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணி இருக்கும். ஏன்?"

"நான் மூணே காலுக்கு எழுதினேன்."

"என்ன எழுதினீங்க?"

அவன் போனை நீட்டினான். இருட்டில் அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. ஒருமுறை படித்தாள். மேலே தள்ளித் தன் மேசையின் பெயரில் இருந்ததைப் படித்தாள். மறுபடி கீழே வந்தாள்.

"போதுமான நேரம் இருந்துச்சுன்னு எதுக்குங்க எழுதினீங்க?"

"எட்டு வீடு யார் போட்டான்னு ஒருத்தரும் உன்னைக் கேக்கக் கூடாதுன்னுதான்."

அவள் சிரித்தாள். அழுகை வந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"உங்களுக்காக நான் பொய் எழுதினேன். எனக்காக நீங்க எழுதினீங்க. ரெண்டும் ஒரே பக்கத்துல மேலயும் கீழயும் இருக்கு. இனிமே யார் பார்த்தாலும், போனவன் போனேன்னு சொல்றான், பொண்டாட்டி போகலன்னு மாத்தியிருக்கான்னுதான் தெரியும். நாளைக்கு ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுவாங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா? காலையில நின்னீங்களே வாசல்ல. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

இந்தத் தடவை அவன் கேள்வியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

"டாக்டர் படிச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"தெரியல."

அவள் கையிலேயே அவன் போன் அடித்தது. பல் டாக்டர். அவள் நெருப்பைத் தொட்டவள் மாதிரி அவனிடம் கொடுத்தாள். அவன் எடுத்ததும் குரல் கூடம் முழுவதும் கேட்டது.

"முடிஞ்சு போச்சுங்க. அஞ்சரைக்கு."

ஒட்டடை தரையில் உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சதும் வீட்டுக்குக் கொண்டு வர்றோம். வாட்ச்மேன் கதவைத் திறந்து வச்சிருக்கார். லைட் எதுவும் எரியலன்னு சொல்றார். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு என்னைக் கேக்கறார். எனக்குத் தெரியல. என் வீட்டு மெயின் சுவிட்ச் எனக்குத் தெரியல. நீங்க கொஞ்சம் வர முடியுமா? அவளை இருட்டுல வைக்க வேணாம்."

வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் மெயினை அணைத்துவிட்டு வந்தவன் அவன்தான்.

"வர்றேன் சார். சார், உங்க போன்ல ஒரு மெசேஜ்..."

"ஆமா, உங்க கம்பெனியிலேருந்து ஏதோ வந்திருக்கு. எதையும் பார்க்கல. நீங்க வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

வைத்துவிட்டார்.

மதியத்திலிருந்து தான் எதற்குப் பயந்துகொண்டிருந்தோமோ அது இனி நடக்காது என்று கடிகாரத்துக்குப் புரிந்தது. அந்தப் பெண் கண் விழிக்கப் போவதில்லை. அன்று கதவைத் திறந்துவிட்ட ஒரே சாட்சி போய்விட்டது. அவன் எழுதாமல் இருந்திருந்தால் அது அவளுக்குச் சாதகமான சேதி. மத்தியானம் வந்த அந்த 'அப்பாடா' இப்போது வரவில்லை. அப்புறம் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு?" என்றான்.

"அவர் முன்னாடி தனியா நிக்க முடியுமா உங்களால?"

"முடியாது."

"எழுந்திருங்க."

மகள் ஈரத் தலையோடு வாசலில் எதிர்ப்பட்டாள். "ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"ஒருத்தர் வீட்ல கரண்ட் இல்ல. அப்பா சரி பண்ணணும்."

"அதுக்கு நீ எதுக்கும்மா?"

அவள் மகளின் ஈரக் கூந்தலை ஒரு தடவை தடவிவிட்டாள். "துவட்டிக்கோ. சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

வண்டி தெருமுனை தாண்டும்போது அவளுடைய போன் ஓயாமல் அடித்தது. மேனேஜர். மூன்றாவது தடவை வந்தபோது சத்தத்தை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நாம போறதுக்குள்ள அவர் படிச்சிட்டா?" என்றான் ஒட்டடை.

"படிச்சிருந்தாலும் போகணும்."

"இன்னும் படிக்கலன்னா, லைட் எரியற வரைக்கும் எதுவும் சொல்ல வேணாம். என்னால அந்த இருட்டுல சொல்ல முடியாது."

"எரிஞ்சதும் சொல்லிடுங்க" என்றாள் அவள். "நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்."